ரூபாயின் மதிப்பும் நம் கடன் சுமையும்

முட்டுக்காட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் 1996-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தட்சிணசித்ராவைக் காணச் செல்லும் நம் அங்கத்தினர்கள், அங்கே மூன்று வீடுகளின் முன் சற்று நின்று சிந்தித்தல் நலம். ஒன்று காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு. மற்றொன்று தஞ்சை விவசாயியின் வீடு. மூன்றாவது செட்டிநாட்டு வணிகர் வீடு. முன்னிருவர் உழைத்துப் பொருளை ஆக்கியோர் வகுப்பினர். மூன்றாமவர் கடலுக்கு அப்பாலும் வட்டிக்குப் பணம் கொடுத்து வந்த வகுப்பினர். 1929-ஆம் ஆண்டில் தொடங்கி உலகெங்கும் பரவிய பொருளாதார மந்தம் இம்மூவரையுமே தாக்கிற்று. அந்நாளில் எழுந்த வாதப் பிரதிவாதங்கள் இன்றும் நம் கவனத்துக்குரியன.

பத்து மூட்டையும் இருபது மூட்டையும்

மந்தம் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள் சென்னை மாகாணத்தில் நெல் விலை ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. இதன் பொருளை ஒரு கணக்கால் விளக்குவோம். மூட்டை பத்து ரூபாய் விற்ற காலத்தில் நூறு ரூபாய் கடன் வாங்கியவன், பத்து மூட்டை விற்றால் முதலைத் தீர்த்துவிடலாம். விலை ஐந்து ரூபாயாக இறங்கியதும் அதே கடனுக்கு இருபது மூட்டை வேண்டும். பத்திரத்தில் எழுதிய தொகை மாறவில்லை. வட்டி விகிதம் மாறவில்லை. ஆயினும் கடன் இரட்டித்துவிட்டது! நிலவரியும் விலை இறங்கிய அளவுக்கு இறங்கவில்லை. மாகாணத்தின் கிராமக் கடன் சுமார் 150 கோடி ரூபாய் என்று பாங்கி விசாரணைக் குழு 1930-இல் மதிப்பிட்டது. 1935-இல் சத்தியநாதன் அறிக்கை அதனைச் சுமார் 200 கோடி என்றது.

பதினாறா, பதினெட்டா?

இத்துன்பத்துக்கு முன்பே ஒரு பெரும் விவாதம் நடந்து முடிந்திருந்தது. ஒரு ரூபாய்க்குப் பதினெட்டுப் பென்ஸ் என்று 1926-இல் ஹில்டன் யங் கமிஷன் சிபாரிசு செய்ய, 1927-இல் அது சட்டமாயிற்று. பதினாறு பென்ஸே தகும் என்று கமிஷனுக்குள்ளேயே மறுப்புக் குறிப்பு எழுதியவர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ்.

இரண்டு பென்ஸில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வெளிநாட்டில் ஒரு பவுனுக்கு விற்கும் சரக்குக்குப் பதினாறு பென்ஸ் விகிதத்தில் 15 ரூபாய் கிடைக்கும். பதினெட்டு விகிதத்தில் 13 ரூபாய் 5 அணா 4 பைதான் கிடைக்கும். அரசாங்கத் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. லண்டனுக்கு ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய தொகைக்கு உயர்ந்த விகிதத்தில் குறைந்த ரூபாய் போதும். இறக்குமதிச் சரக்கும் மலிவாகும். ஆனால் அந்த லாபம் கஜானாவுக்கு, நஷ்டமோ களத்துமேட்டுக்கு. 1930-இல் காந்தியடிகள் வெளியிட்ட பதினொரு கோரிக்கைகளில் பதினாறு பென்ஸ் விகிதமும் ஒன்று. விகிதத்தைக் குறைத்திருந்தால் உலக விலை வீழ்ச்சி நின்றிருக்கும் என்று சொல்லிவிட முடியாது. அடியின் வேகம் தணிந்திருக்கும் என்பதே எதிர்த்தரப்பார் வாதம்.

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்க நாணயத் திட்டத்தைக் கைவிட்டது. தங்கத்தின் விலை ஏறவே, கிராமத்து நகைகள் விற்கப்பட்டுக் கப்பலேறின. 1935-இல் ரிசர்வ் பாங்கி தொடங்கிய பின்னரும் பதினெட்டுப் பென்ஸ் மாறவில்லை.

கொடுத்தவரும் தப்பவில்லை

கடன் கொடுத்தவர் மகிழ்ந்திருந்தார் என்று எண்ணுவதும் தவறு. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் ஜில்லாக்களில் செட்டியார்கள் வசமிருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு ஆறு. 1938-இல் நூற்றுக்கு இருபத்தைந்து. பணம் திரும்பாமையால் நிலத்தை ஏற்க நேர்ந்தது. கையில் புழங்கிய பணம் மண்ணில் முடங்கியது.

நிவாரணமும் அதன் எல்லையும்

ராஜாஜி முதன்மந்திரியாக இருந்த காலத்தில், 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் பிறந்தது. முதலைப் போல் இரு மடங்கு ஏற்கனவே செலுத்தியிருந்தால் கடன் தீர்ந்ததாக அது விதித்தது. இனி எவர் கடன் கொடுப்பார் என்று ஒரு சாரார் கேட்டனர். செலுத்த இயலாத கடனைக் கணக்கில் வைத்திருந்து என்ன பயன் என்று மறுசாரார் கேட்டனர். ஆயின் இச்சட்டம் விவசாயிக்கே உரியது; நிலமில்லா நெசவாளிக்கு இதனால் நிவாரணம் இல்லை.

நெசவாளியின் குறை வேறு. 1927-இல் இறக்குமதி நூலுக்கு வரி விதித்தபோது பயன் பெற்றது நூல் ஆலை. விலை கொடுத்தது தறி. இதற்கு ஈடாக 1934-இல் மத்திய அரசாங்கம் கைத்தறிக்கு மானியம் வழங்க இசைந்தது. மறு ஆண்டில் சென்னை மாகாணக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இன்றைய கோ-ஆப்டெக்ஸ் அதுவே.

சங்கங்கள் கற்ற பாடம்

1904-இல் அன்றைய செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் கூட்டுறவுக் கடன் சங்கம் எழுந்தது முதல், மலிவான வட்டியே மருந்து என்று நம் முன்னோர் நம்பினர். மந்தம் அந்நம்பிக்கையைச் சோதித்தது. சங்கங்களிலும் தவணை தவறிய பாக்கி பெருகியது. வட்டி குறைந்தால் போதாது. விளைந்ததும் நெய்ததும் நல்ல விலைக்குப் போகவேண்டும். பழங்கடனைத் தீர்க்க நீண்ட தவணை வேண்டும். நல்ல காலத்துச் சேமிப்பு கெட்ட காலத்துக்கு இருக்கவேண்டும் என்பன அப்போதுதான் தெளிவாயின. சங்கத்தின் ஒதுக்கு நிதியைப் பங்கிட்டுக்கொள்ள விரும்புவோர் இதனை எண்ணிப் பார்ப்பாராக.

நாணய விகிதமும் தீர்வையும் பெரிய மனிதர் பேச்சு என்று நாம் ஒதுங்கியிருத்தல் கூடாது. அங்கே இரண்டு பென்ஸ் அசைந்தால் இங்கே தறியும் ஏரும் அசைகின்றன. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் வரவு செலவு அறிக்கை படிக்கப்படும்போது, கடன் எவ்வளவு கொடுத்தோம் என்று மட்டும் கேளாமல், சரக்கு எவ்வளவு விற்றோம், ஒதுக்கு நிதி எவ்வளவு சேர்த்தோம் என்றும் ஒவ்வோர் அங்கத்தினரும் கேட்டல் வேண்டும்.