கூட்டம் இருக்கும் இடத்திலேயே கூட்டம் சேர்வது ஏன்?

மாலையில் சென்னை பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போகிறீர்கள். மணல்வெளி பரந்து கிடக்கிறது. நீங்களோ நாலு பேர் இருக்கும் பக்கமாகத்தான் உட்காருகிறீர்கள். ஏன்?

பால் தயிராவதைப் பாருங்கள். வெதுவெதுப்பான பாலுக்கு ஒரு கரண்டி உறை மோர் போதும். சில்லிட்ட பாலில் எவ்வளவு ஊற்றினாலும் உறையாது.

கடற்கரையில் அந்த வெதுவெதுப்பு எது? கிழக்குக் கரை என்பதால் மாலை வெயில் முதுகுப்பக்கம்; முகத்தில் கடற்காற்று. உட்கார மணல், கொறிக்கச் சுண்டல். முதலில் வந்த நாலு பேர்தான் உறை. மனிதருக்கு மனிதரை வேடிக்கை பார்ப்பதைவிட வேறென்ன பொழுதுபோக்கு!

நியூயார்க் சதுக்கங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட், 1980இல் எழுதினார்: உட்கார வசதி உள்ள இடத்தில்தான் மக்கள் உட்காருகிறார்கள். அதாவது, வெதுவெதுப்பு முதலில் வேண்டும். சிரிப்பு வருகிறதா? நம் பேருந்து நிறுத்தங்களில் நிழலும் இருக்கையும் சேர்ந்து எத்தனை இடத்தில் உண்டு?

தி.நகர் பாண்டி பஜாரில் 2019இல் நடைபாதையை அகலமாக்கி இருக்கைகள் போட்டார்கள். அடுத்த முறை போனால், எதுவும் வாங்காமல் சும்மா உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள்.