சின்ன பைக்குக்கும் ஏ.பி.எஸ். வந்தால்

2025 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவு அறிவிக்கையை வெளியிட்டது. 2026 ஜனவரி 1 முதல் தயாராகும் இருசக்கர வாகனங்களில், வேகம் மிகக் குறைந்த சிறு வண்டிகள் தவிர மற்ற எல்லாவற்றிலும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இருக்க வேண்டும் என்று அது முன்மொழிந்தது. வண்டியோடு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் இரண்டு தர வேண்டும் என்பது இன்னொரு முன்மொழிவு.

2019 ஏப்ரலில் வந்த விதிப்படி 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கே ஏ.பி.எஸ். கட்டாயம். 125 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு சி.பி.எஸ். இருந்தால் போதும். சி.பி.எஸ். என்றால், பின் பிரேக்கைப் பிடிக்கும்போது முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். ஆனால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதை அது தடுக்காது.

ஆபத்து அந்தப் பூட்டலில்தான். மழையில் நனைந்த சாலையில் பதறி முன் பிரேக்கை இறுக்கினால், முன்சக்கரம் நின்றுபோய் வழுக்கும். அதன்பின் ஹேண்டில்பாரைத் திருப்பிப் பயனில்லை. இந்தப் பயத்தால் பலர் பின் பிரேக்கை மட்டுமே நம்பி ஓட்டுகிறார்கள். ஆனால் வண்டியை நிறுத்தும் வலிமையில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. ஏ.பி.எஸ்.ஸின் சென்சார் சக்கரத்தின் வேகத்தைக் கவனித்தபடி இருக்கும். சக்கரம் பூட்டப்போகிறது என்றால் பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பலமுறை தளர்த்தி இறுக்கும். அப்போது லீவர் கையில் அதிரும், பயந்து விட்டுவிடக்கூடாது.

செலவு கூடும் என்பது உண்மை. முன்னால் டிரம் பிரேக் உள்ள வண்டிக்கு டிஸ்க் பிரேக் வேண்டும், சென்சார் வேண்டும். விலை சில ஆயிரம் ஏறலாம். மாதத் தவணையில் 100 சி.சி. வண்டி வாங்குபவருக்கு அது சிறிய தொகை அல்ல. ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. வரிக்கு முன் 60,000 ரூபாய் விலையுள்ள வண்டியில் இதனால் 6,000 ரூபாய் மிச்சம். 2022-இல் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். விலை குறைந்த வண்டி என்பதற்காக அதில் போகிறவரின் பாதுகாப்பும் குறையலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விலை ஏறும் என்ற இதே கவலை புகை விதியிலும் எழுந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.5-ஐத் தாண்டி நேராக பி.எஸ்.6 வந்தது, கார்புரேட்டர் போய் எஃப்.ஐ. (ஃபியூயல் இன்ஜெக்ஷன்) வந்தது, விலையும் ஏறியது. ஆனால் வண்டிகள் விடும் புகை வெகுவாகக் குறைந்தது. சத்தத்துக்காக சைலன்சரை மாற்றுபவர்கள் அதனுள் இருந்து புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கழற்றி எறிகிறார்கள், அந்தப் பலனும் கூடவே போகிறது.

ஏ.பி.எஸ். இருந்தாலும் முன்னால் போகும் பஸ்ஸை ஒட்டிப் போகக்கூடாது. மணலிலும் ஜல்லியிலும் வண்டி நிற்க இன்னும் தூரம் பிடிக்கலாம். வளைவில் சாய்ந்திருக்கும்போது சாதாரண ஏ.பி.எஸ். முழுதாகக் காப்பாற்றாது. சாவி போட்டதும் எரியும் ஏ.பி.எஸ். விளக்கு, வண்டி நகர்ந்ததும் அணைய வேண்டும். அணையாவிட்டால் ஏ.பி.எஸ். வேலை செய்யவில்லை என்று கொள்ளுங்கள். மெதுவாக ஓட்டிப்போய் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.