கருப்பையில் செய்த சத்திரசிகிச்சையை மறைக்க வேண்டாம்

அடுத்தடுத்து கரு கலையும் பெண்கள் சிலருக்கு, கருப்பையின் உள்ளே ஒரு தடுப்புச் சுவர் இருப்பது பரிசோதனையில் தெரிய வருகிறது. இது அவர்கள் செய்த எந்தத் தவறாலும் வந்ததல்ல. பெண் சிசு தாயின் வயிற்றில் வளரும்போது இரண்டு குழாய்கள் ஒன்றிணைந்தே கருப்பை உருவாகிறது. நடுவிலுள்ள சுவர் கரையாமல் நின்றுவிட்டால் அது பிறவிக் குறைபாடாகிறது.

பிறப்புறுப்பு வழியாகச் சிறிய கமராவைச் செலுத்தி இச்சுவரை வெட்டி விடுகிறார்கள். வயிற்றில் தழும்பு இருக்காது. இதனால் பல குடும்பங்களில், குறிப்பாகக் கணவன் வீட்டாரிடம், இவ்விடயம் மறைக்கப்படுகிறது. பின்னர் கிளினிக்கிலும் சொல்லப்படுவதில்லை. ஆபத்து இங்குதான் ஆரம்பிக்கிறது.

வெட்டிய இடத்தில் கருப்பைச் சுவர் பலவீனப்பட்டிருந்தால், கர்ப்பத்தின் பிற்பகுதியிலோ பிரசவ வலியின்போதோ அது கிழியலாம். இது அரிதானது, ஆனால் நடந்தால் தாய், சேய் இருவரின் உயிருக்கும் ஆபத்து. சத்திரசிகிச்சையின்போது கருப்பையில் துளை விழுந்திருந்தால் அபாயம் கூடும். நஞ்சுக்கொடி சுவரோடு ஒட்டிக்கொள்ளவும் வாய்ப்புண்டு. இரு கொம்புக் கருப்பையை வயிற்றைத் திறந்து இணைத்தவர்களுக்கு, வலி வரும் முன்பே சிசேரியன் செய்வதையே வைத்தியர்கள் பெரும்பாலும் விரும்புவர்.

இந்தச் சத்திரசிகிச்சை எல்லோருக்கும் அவசியமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. தடுப்புச் சுவருள்ள 80 பெண்களிடம் நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வொன்றில், வெட்டியவர்களில் 31 வீதமானோருக்கும் வெட்டாதவர்களில் 35 வீதமானோருக்கும் உயிருள்ள குழந்தை கிடைத்தது. ஆய்வு சிறியது என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. எனினும் நன்மை, தீமை இரண்டையும் வைத்தியரிடம் கேட்டறிந்த பின்னரே சம்மதிக்க வேண்டும்.

ஏற்கனவே செய்துகொண்டவர்கள் டயக்னோசிஸ் கார்டைப் பத்திரமாக வைத்திருங்கள். கர்ப்பம் உறுதியானதும் அதை மருத்துவமாதுவிடமும் மகப்பேற்று நிபுணரிடமும் காட்டுங்கள். வீட்டில் பிரசவத்தை எண்ணவே வேண்டாம். திடீரெனக் கடும் வயிற்று வலி, இரத்தப்போக்கு, மயக்கம், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

தான் நாடியோருக்குப் பெண் மக்களையும், நாடியோருக்கு ஆண் மக்களையும் கொடுப்பவன், நாடியோரை மலடாக்குபவன் அல்லாஹ்வே என்பதை சூரா அஷ்ஷூராவில் ஓதுகிறோம். அப்படியிருக்க, மருமகளின் கருப்பைக் குறையைப் பழிச்சொல்லாக்க எவருக்கும் உரிமையில்லை. அந்தப் பழிக்குப் பயந்துதான் அவள் தன் உயிரைக் காக்கும் தகவலையும் மறைக்கிறாள்.