119.3-இல் ஒலிக்கும் இல்லாத நிலையம்

திருச்சியில் 93.5-இல் சூரியன், 102.1-இல் ஆகாசவாணியின் ரெயின்போ, 106.4-இல் ஹலோ. பாட்டுக் கேட்பவருக்கு இவை மூன்று பண்பலை நிலையங்கள், அவ்வளவுதான். கே.கே. நகர் மொட்டைமாடியில் ஆன்டெனா கட்டி, 137 மெகாஹெர்ட்ஸில் ரஷ்யாவின் மீட்டியோர் வானிலைச் செயற்கைக்கோளையோ, 144-இலிருந்து 146-க்குள் பேசும் ஹாம்கள் எனப்படும் அமெச்சூர் வானொலியாளர்களையோ தேடுபவருக்கு மூன்றும் தலைவலி.

கணினியில் செருகும் மலிவான எஸ்டிஆர் (மென்பொருள்வழி வானொலி) டாங்கிள், வேண்டிய அலைவரிசையைப் பிரிக்கும் முன்பே ஆன்டெனா தருவதையெல்லாம் அள்ளிப் பெருக்குகிறது. பலமான பண்பலை உள்ளே நுழைந்தால் பெருக்கி திணறுகிறது. மெலிந்த சிக்னல் அமுங்கிப்போகிறது. இன்னொரு கோளாறும் உண்டு: உள்ளே வந்த அலைகள் கலந்து புது அலைகளைப் பெற்றெடுக்கின்றன. 106.4-ஐ இரட்டித்து 93.5-ஐக் கழித்தால் 119.3. விமானிகள் பேசும் பகுதியில், இல்லாத ஒரு நிலையம்! 106.4-ஐ இரட்டித்து 102.1-ஐக் கழித்தாலும், 102.1-ஐ இரட்டித்து 93.5-ஐக் கழித்தாலும் விடை ஒன்றே: 110.7. ஓடுபாதைக்கு வழிகாட்டும் ஐஎல்எஸ் கருவியின் பகுதி அது. இதனால்தான் அந்த விமான ரிசீவர்கள் பண்பலைக் குறுக்கீட்டைத் தாங்கவேண்டும் என்ற விதி 1998 முதல் உலகெங்கும் நடைமுறையில் இருக்கிறது.

மாடி ரசிகருக்குத் தீர்வு, 88 முதல் 108 வரை தடுக்கும் ஃபில்டர். சில சுருள்களும் மின்தேக்கிகளும்தான் சரக்கு. ஆனால் டப்பாவில் அச்சிட்டதை நம்பக்கூடாது. உள்ளங்கையில் அடங்கும் நானோவிஎன்ஏ கருவியின் இரு முனைகளுக்கு நடுவே ஃபில்டரை மாட்டினால், எந்த அலைவரிசை எவ்வளவு குறைகிறது என்று கோடு வரைந்து காட்டும். மாட்டும் முன் அதே கேபிள்களோடு அளவு திருத்தம் செய்யவேண்டும். இல்லாவிட்டால் கேபிளின் இழப்பும் ஃபில்டரின் கணக்கில் ஏறிவிடும். 40 டெசிபல் தடுப்பு என்றால் பண்பலையின் திறன் பத்தாயிரத்தில் ஒரு பங்காகிறது.

பலர் அங்கேயே திருப்தியடைந்து நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் 137-இல் என்ன இழப்பு என்பதுதான் முக்கியம். ஒரு டெசிபலுக்குள் இருந்தால் நல்லது. மூன்று என்றால் செயற்கைக்கோள் அனுப்பியதில் பாதி போய்விட்டது. சுருளும் மின்தேக்கியும் 108-இல் செங்குத்தாக வெட்டாது, சரிந்துதான் ஏறும். 110-ஐ ஒட்டிய பகுதியும் அடிபடத்தான் செய்யும்.

ஃபில்டர் வாங்கும் முன்பே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஆன்டெனாவுக்கும் டாங்கிளுக்கும் இடையே 3 டெசிபல் குறைப்பான் ஒன்றை மாட்டிப் பார்க்கலாம். 119.3-இல் கேட்கும் போலி 9 டெசிபல் அளவுக்குச் சரிந்தால், அது டாங்கிளுக்குள் பிறந்தது, ஃபில்டர் உதவும். வெறும் 3 மட்டுமே குறைந்தால் அது காற்றிலேயே வருகிறது. துருப்பிடித்த இரும்பு இணைப்புகூட அப்படிக் கலவையை உண்டாக்கும். அதை எந்தப் பண்பலை ஃபில்டரும் தடுக்காது. அதற்காக ஃபில்டர் வாங்குவது வீண் செலவு.