காற்றாலை எப்படி ஆடுகிறது?

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்தில் சென்றவர்கள், முப்பந்தலில் கூட்டம் கூட்டமாக நிற்கும் காற்றாலைகளைக் கண்டிருப்பீர்கள். இறக்கைகள் சுழல்வது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் சுழலும்போதே இறக்கைகள் வளைகின்றன, கோபுரமும் ஆடுகிறது. இவை தனித்தனி ஆட்டங்கள் அல்ல, ஒன்றோடொன்று பிணைந்தவை. இதைப் புரிந்துகொள்ள முப்பந்தல் வரை போக வேண்டியதில்லை.

எங்கள் பென்னாகரம் பக்கம் புளிய மரத்துக்குப் பஞ்சமில்லை. இரண்டு மரங்களுக்கிடையே ஒரு கயிற்றைச் சற்றுத் தளர்வாகக் கட்டுங்கள். அதில் சம எடையுள்ள இரண்டு கற்களைச் சம நீளமுள்ள நூல்களில் தொங்கவிடுங்கள். ஒரு கல்லை மட்டும் கயிற்றுக்குக் குறுக்காக ஆட்டிவிடுங்கள். சிறிது நேரத்தில் அது ஓய்ந்து நிற்கும். தொடாத கல் வேகமாக ஆடும். பிறகு ஆட்டம் முதல் கல்லுக்கே திரும்பும். கயிறு வழியாக ஆற்றல் இங்குமங்கும் போய்வருகிறது.

இப்போது இரண்டையும் ஒரே பக்கமாக இழுத்து ஒன்றாக விடுங்கள். ஆட்டம் கைமாறாது, இரண்டும் சேர்ந்தே ஆடும். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இழுத்து விட்டாலும் அப்படியே, ஆனால் ஆட்டம் சற்று விரைவாக இருக்கும். இந்த இரண்டும் இவ்வமைப்பின் அதிர்வுப் பாங்குகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிர்வெண்ணும் ஓர் உருவமும் உண்டு. முதலில் கண்ட சிக்கலான ஆட்டம், இவ்விரண்டின் கூட்டேயாகும்.

காற்றாலையில் கயிற்றின் இடத்தில் கோபுரமும் அதன் உச்சியிலுள்ள இயந்திர அறையும், கற்களின் இடத்தில் மூன்று இறக்கைகளும் உள்ளன. சுழலி நிமிடத்துக்கு 15 சுற்று சுற்றுவதாகக் கொள்வோம். அதாவது விநாடிக்கு 0.25 சுற்று. மூன்று இறக்கைகளும் கோபுரத்தைக் கடப்பதால், விநாடிக்கு 0.75 முறை ஓர் உந்துதல் உண்டாகும். கோபுரத்தின் இயல்பு அதிர்வெண் இவ்விரு எண்களில் ஒன்றோடு ஒத்துப்போனால் ஒத்ததிர்வு ஏற்பட்டு ஆட்டம் பெருகும். ஆகவே கோபுரத்தை இடையில், 0.35 ஹெர்ட்ஸ் போன்ற ஓர் எண்ணில் அமைப்பார்கள்.

இதோடு முடிந்திருந்தால் எண்களின் பட்டியலே போதும். ஆனால் இறக்கைகள் சுழல்கின்றனவே! அவை ஒன்றன்பின் ஒன்றாக அதிரும்போது, அந்த அதிர்வே சுழலியின் மீது வட்டமாக ஓடுகிறது. குயவர் சக்கரத்தின் விளிம்பில் ஓர் எறும்பு நடப்பதாக நினையுங்கள். சக்கரம் அரைச் சுற்று சுற்றுவதற்குள் எறும்பு மூன்று சுற்று போனால், தரையில் நிற்பவருக்கு அது மூன்றரைச் சுற்றாகவோ இரண்டரைச் சுற்றாகவோ தெரியும்; எறும்பு போகும் திசையைப் பொறுத்தது அது. இறக்கையில் 3 ஹெர்ட்ஸாக உள்ள அதிர்வு, விநாடிக்கு அரைச் சுற்று சுற்றும் சுழலியில், கோபுரத்துக்கு 3.5 ஆகவும் 2.5 ஆகவும் போய்ச் சேருவது இப்படித்தான்.

இத்தகைய பாங்கை ஒரே படத்தில் வரைய முடியாது. எல்லாப் பகுதிகளும் ஒரே கணத்தில் எல்லையைத் தொடுவதில்லை. அதனால் கணிப்பொறித் திரையில் அசையும் படமாகப் பார்க்கிறார்கள். கணக்கு தருவது உருவத்தை மட்டுமே, அளவை அன்று. கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்பதற்காக ஆட்டத்தைப் பன்மடங்கு பெரிதாக்கியிருப்பார்கள். படத்தில் கோபுரம் தென்னை மரம்போல் வளைவதைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம்! நாம் கவனிக்க வேண்டியது இறக்கை நுனியின் பாதையை. அது சுழலும் தளத்திலேயே அசைகிறதா, தளத்தை விட்டு முன்னும் பின்னும் போகிறதா?

இந்தக் கேள்வியில்தான் இறக்கையின் ஆயுள் அடங்கியிருக்கிறது. 1990களில் டென்மார்க்கில், இறக்கையின் கோணத்தைத் திருப்பாமல் காற்றோட்டம் இறக்கைப் பரப்பை விட்டு விலகுவதாலேயே திறனைக் கட்டுப்படுத்தும் காற்றாலைகள் சிலவற்றில், பலத்த காற்றின்போது இறக்கைகள் விளிம்புத் திசையில் கடுமையாக அதிர்ந்தன. காற்றோட்டம் விலகிய நிலையில், காற்று சில திசைகளில் ஆட்டத்தைத் தணிக்காமல் அதற்கு ஆற்றல் ஊட்டுகிறது. ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவதைப் போன்றது இது. ரீசோ ஆய்வகத்தின் ஹான்சன் 2003இல் வெளியிட்ட கட்டுரை, பிணைந்த பாங்குகளின் உருவத்தை ஆராய்ந்தது. கோபுர உச்சிப் பகுதியின் விறைப்பை மாற்றினால் நுனியின் பாதை சாயும். அதிர்வெண் அதிகம் மாறாமலே தணிப்பு மாறிவிடும். அதிர்வெண்ணை மட்டும் பார்த்திருந்தால் இது புலப்பட்டிருக்காது.

தமிழ்நாட்டில் 1990களில் நிறுவப்பட்டவற்றிலும் இவ்வகைக் காற்றாலைகள் பல உண்டு. அவற்றை மாற்றிப் பெரியவற்றை நிறுவுவதற்கும், தகுதியுள்ளவற்றின் ஆயுளை நீட்டிப்பதற்கும் 2024இல் மாநில அரசு ஒரு கொள்கை வெளியிட்டது. 3 ஹெர்ட்ஸ் அதிர்வு ஓராண்டு ஓயாமல் நடந்தால் ஒன்பது கோடிக்கு மேற்பட்ட முறை இறக்கை வளைந்து நிமிரும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஆயுளை நீட்டிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, இதுவரை அது எந்தத் திசையில், எவ்வளவு ஆடியது என்பதையே. தூத்துக்குடி மாவட்டம் கயத்தாற்றில் தேசியக் காற்றாற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம் இருக்கிறது. இத்தகைய சோதனைகளில் இறக்கையின் அடியிலும் கோபுரத்திலும் திரிபு அளவிகளை ஒட்டி, வளைவை நேரடியாகவே அளக்கிறார்கள்.

புளிய மரத்துச் சோதனையைச் செய்து பார்ப்பவர்கள், ஒரு நூலை மட்டும் இரண்டு விரற்கடை குறைத்து மீண்டும் செய்யுங்கள். முதல் கல் இம்முறை முழுவதும் ஓய்வதில்லை. ஏன் என்று யோசியுங்கள்.