உப்பளத்துப் பாத்தியும் சோதனைக்குழாயும்

மேல்நிலை வகுப்பு வேதியியல் செய்முறை இரண்டு கேள்விகளைக் கேட்கிறது. கொடுக்கப்பட்ட உப்பு எது? கரைசலில் கரைந்திருப்பது எவ்வளவு? முதல் கேள்விக்கு விடை தேடுவது உப்புப் பகுப்பாய்வு. இரண்டாவதற்கு விடை தேடுவது தரம் பார்த்தல். இந்த இரண்டு கேள்விகளையும் ஒரே பொருளிடம் கேட்டுப் பார்க்க மரக்காணத்து உப்பு மிகவும் பொருத்தமானது. பள்ளி ஆய்வகத்தில் சோதனைக்குழாயில் நடக்கும் பிரிப்பு வேலை, அங்கே பாத்திகளில் வெயிலின் உதவியால் ஆண்டுதோறும் நடந்துவருகிறது.

விழுப்புரம் மாவட்டத்தில், சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மரக்காணம் உள்ளது. ஆந்திரத்திலிருந்து கடலோரமாக வரும் பக்கிங்ஹாம் கால்வாய் இந்தப் பகுதியில்தான் முடிகிறது. கழிமுகமும் உப்பங்கழியும் தாழ்வான களிமண் நிலமும் சேர்ந்திருப்பதால் உப்பு விளைவிக்க ஏற்ற இடம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தொடங்கும் வேலை கோடை முழுவதும் நடக்கும். ஐப்பசி மழை வந்தால் பாத்திகளில் நன்னீர் நிரம்பி உற்பத்தி நின்றுவிடும்.

பாத்தியில் நடக்கும் பிரிப்பு

ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. அதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகமானது சோடியம் குளோரைடு. மீதி மெக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் குளோரைடுகளும் சல்பேட்டுகளும், சிறிதளவு பைகார்பனேட்டும். இவை எல்லாம் ஒரே நேரத்தில் படிவதில்லை. எது குறைவாகக் கரையுமோ அது முதலில் வெளியேறும்.

கடல்நீர் ஏறத்தாழப் பாதியாகச் சுண்டும்போது கால்சியம் கார்பனேட் படியத் தொடங்குகிறது. ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது ஜிப்சம், அதாவது நீரேறிய கால்சியம் சல்பேட், படிகிறது. பத்தில் ஒரு பங்காகும்போதுதான் சோடியம் குளோரைடு படிகமாகிறது. ஒரு லிட்டர் நீரில் ஜிப்சம் சுமார் 2 கிராம்தான் கரையும். சோடியம் குளோரைடோ 360 கிராம் அளவுக்குக் கரையும். படியும் வரிசையை முடிவு செய்வது இந்த வேறுபாடே.

நீரின் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 13 டிகிரி அளவில் ஜிப்சமும், 25 டிகிரி அளவில் உப்பும் படியத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டினால் மெக்னீசியம் உப்புகளும் கூடவே இறங்கும். அதனால்தான் நீரை ஒரே பாத்தியில் விட்டு வற்றவைப்பதில்லை. முதலில் பெரிய தேக்கங்களில் சுண்டவைத்து, ஜிப்சம் படிந்தபின் தெளிந்த நீரை உப்புப் பாத்திக்கு விடுகிறார்கள். உப்பை வாரியபின் மிஞ்சும் கசப்பு நீரை வெளியேற்றுகிறார்கள். நீரைச் சீக்கிரமே பாத்திக்கு விட்டால் உப்பில் ஜிப்சம் சேரும். கசப்பு நீரை வடிக்கத் தாமதித்தால் மெக்னீசியம் குளோரைடு சேரும். அப்படிப்பட்ட உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும்.

சோதனைக்குழாயில் அதே பிரிப்பு

உப்புப் பகுப்பாய்வில் நேரயனிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரிப்பதும் கரைதிறனைக் கொண்டுதான். இந்த முறையை ஒழுங்குபடுத்திப் புத்தகமாக்கியவர்களில் முதன்மையானவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெசேனியஸ். 1841இல் அவருடைய நூல் வெளிவந்தபோது அவர் மாணவராகவே இருந்தார். இன்றும் பள்ளிகளில் பின்பற்றப்படும் வரிசை அந்த மரபில் வந்ததே.

நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்தால் முதல் தொகுதியைச் சேர்ந்த காரீயம் வெள்ளை வீழ்படிவாகப் பிரியும். அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் சல்பைடைச் செலுத்தினால் தாமிரம் முதலிய இரண்டாம் தொகுதி அயனிகள் வெளியேறும். அம்மோனியம் குளோரைடும் அம்மோனியம் ஹைட்ராக்சைடும் சேர்க்கும்போது இரும்பும் அலுமினியமும் வீழ்படியும். காரக் கரைசலில் மீண்டும் ஹைட்ரஜன் சல்பைடு செலுத்தினால் துத்தநாகம், மாங்கனீசு போன்றவை பிரியும். அம்மோனியம் கார்பனேட் கால்சியம், ஸ்ட்ரான்சியம், பேரியம் ஆகியவற்றைப் பிரிக்கும். இத்தனைக்கும் பிறகு கரைசலில் தங்குவது மெக்னீசியம். அம்மோனியம் அயனியை மட்டும் முதலிலேயே தனியாகச் சோதித்துவிட வேண்டும். இடையில் சேர்க்கும் வினைப்பொருள்களிலேயே அம்மோனியம் இருப்பதால் பின்னால் சோதித்துப் பயனில்லை.

மரக்காணத்துக் கல்லுப்பைக் கரைத்து வடிகட்டி இதே முறையில் சோதித்தால், பாத்தியின் வரலாறு தெரியவரும். நைட்ரிக் அமிலம் சேர்த்த கரைசலில் சில்வர் நைட்ரேட்டை ஊற்றினால் தயிர் போன்ற வெள்ளை வீழ்படிவு திரளும். அது அம்மோனியாவில் கரைந்தால் குளோரைடு உறுதி. ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்த வேறொரு பகுதியில் பேரியம் குளோரைடு வெள்ளைக் கலங்கல் தந்தால் சல்பேட் இருக்கிறது. அம்மோனியம் ஆக்சலேட் தரும் வெள்ளை வீழ்படிவு கால்சியத்தைக் காட்டும். கால்சியத்தை முழுவதும் வடிகட்டி நீக்கியபின் அம்மோனியாவும் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்டும் சேர்த்தால் மெக்னீசியம் வெளிப்படும். சுடர் சோதனையில் சோடியத்தின் பொன்மஞ்சள் மற்ற நிறங்களை மறைத்துவிடும். நீலக் கோபால்ட் கண்ணாடி வழியே பார்த்தால் மஞ்சள் மறைந்து, பொட்டாசியம் போதிய அளவு இருக்கும்போது அதன் ஊதா தெரியும்.

இதில் வரிசை மாறக்கூடாது என்பதற்கு வலுவான காரணம் உண்டு. கால்சியத்தை முழுவதும் நீக்காமல் பாஸ்பேட் சேர்த்தால் கால்சியம் பாஸ்பேட்டும் வெள்ளையாகவே படியும். மாணவர் அதை மெக்னீசியம் என்று எழுதிவிடுவார். அம்மோனியம் குளோரைடு சேர்க்க மறந்தால் மெக்னீசியமும் கால்சியத்தோடு சேர்ந்து படிந்துவிடலாம். அந்த உப்பு கரைசலில் இருக்கும்வரை ஹைட்ராக்சைடு, கார்பனேட் அயனிகளின் அளவு தாழ்ந்தே நிற்கும். கால்சியம் படிய அது போதும், மெக்னீசியம் படியப் போதாது. உப்பளத்தில் டிகிரி பார்த்து நீரை மாற்றுவதும் ஆய்வகத்தில் தொகுதி வரிசையைக் காப்பதும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. அட்டவணையை மனப்பாடம் செய்பவர் நிறங்களை மட்டும் நினைவில் வைத்திருப்பார். கரைதிறனைப் புரிந்துகொண்டவருக்கு அட்டவணையின் ஒவ்வொரு வரியும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது தெரியும்.

எவ்வளவு என்னும் கேள்வி

அமிலமும் காரமும் நிலையான விகிதத்தில் வினைபுரிகின்றன. ஒன்றின் செறிவு தெரிந்தால், அதோடு வினைபுரிந்து முடிந்த கன அளவைக் கொண்டு மற்றதன் செறிவைக் கணக்கிடலாம். தரம் பார்த்தலின் அடிப்படை இதுதான்.

சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உறிஞ்சுவதால், எடை போட்டுக் கரைத்தாலும் அதன் செறிவை நம்ப முடியாது. ஆக்சாலிக் அமிலப் படிகம் நிலையானது. அதில் 6.3 கிராமை எடுத்து ஒரு லிட்டர் கரைசலாக்கினால் 0.1 நார்மல் கரைசல் கிடைக்கும். இதில் 20 மில்லிலிட்டரைப் பிப்பெட்டால் கூம்புக் குடுவையில் எடுத்து, இரண்டு சொட்டு பினால்ப்தலீன் சேர்த்து, பியூரெட்டிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடை விட வேண்டும். நிலைத்து நிற்கும் வெளிர் இளஞ்சிவப்பு தோன்றுவதே முடிவு நிலை. அதற்கு 21.5 மில்லிலிட்டர் செலவானால், 20 × 0.1 ÷ 21.5 என்ற கணக்கில் காரத்தின் செறிவு 0.093 நார்மல், லிட்டருக்கு 3.72 கிராம்.

ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர். 20 மில்லிலிட்டரில் அது கால் சதவீதப் பிழை. ஆகவே கடைசிக் கட்டத்தில் சொட்டுச் சொட்டாக விடுவதும், நீர்மட்டத்தின் அடி வளைவைக் கண்ணுக்கு நேராக வைத்துப் படிப்பதும், ஒத்த அளவுகள் கிடைக்கும்வரை திரும்பச் செய்வதும் அவசியம். பியூரெட்டை அதில் நிரப்பும் கரைசலாலேயே அலச வேண்டும். கூம்புக் குடுவையைத் தண்ணீரால் மட்டும் அலச வேண்டும். குடுவையைக் கரைசலால் அலசினால் கணக்கில் வராத அமிலம் உள்ளே தங்கிவிடும்.

மரக்காணத்துக் கழிமுக நீரையும் இப்படித் தரம் பார்க்கலாம். கடல்நீரிலுள்ள பைகார்பனேட் அமிலத்தை நடுநிலையாக்கும் திறன் கொண்டது. திறந்த கடலின் நீர் 100 மில்லிலிட்டருக்கு 0.02 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ 11 முதல் 12 மில்லிலிட்டர் செலவாகும். இங்கே நிறங்காட்டி மெத்தில் ஆரஞ்சு. இந்த வினை முடியும்போது கரைசல் அமிலத் தன்மை கொண்டிருக்கும். மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறுவது அந்த எல்லையில்தான். ஆக்சாலிக் அமிலத்தைச் சோடியம் ஹைட்ராக்சைடு நடுநிலையாக்கும்போது கரைசல் சற்றுக் காரத்தன்மையோடு முடிவதால் பினால்ப்தலீன் பொருந்துகிறது. மழைக்காலத்துக் கழிமுக நீரையும் கோடைக்காலத்து நீரையும் இப்படி அளந்து ஒப்பிட்டால், நன்னீர் வரத்து நீரின் தன்மையை எப்படி மாற்றுகிறது என்பது எண்ணாகத் தெரியும்.

சமையலறைக்கு வரும் உப்பு

இந்தியாவில் மக்கள் நேரடியாக உண்பதற்கென விற்கும் உப்பில் அயோடின் சேர்த்திருக்க வேண்டும் என்ற விதி 2006 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ளது. கடையில் வாங்கும் உப்பில் கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும். பொட்டாசியம் அயோடேட்டாகச் சேர்க்கப்படும் இந்த அயோடினை அளப்பதும் தரம் பார்த்தல்தான். 10 கிராம் உப்பைக் கரைத்து, அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்த்தால் அயோடின் வெளிப்படும். ஸ்டார்ச்சை நிறங்காட்டியாகக் கொண்டு 0.005 நார்மல் சோடியம் தயோசல்பேட்டை விட, நீல நிறம் மறையும் இடம் முடிவு நிலை. ஒவ்வொரு மில்லிலிட்டரும் கிலோவுக்கு 10.58 மில்லிகிராம் அயோடினைக் குறிக்கும். ஆகவே 1.4 மில்லிலிட்டருக்குக் குறைவாகச் செலவானால் அந்த உப்பு தரத்தை எட்டவில்லை. இவ்வளவு சிறிய அளவில் இரண்டு சொட்டுப் பிழைகூட முடிவை மாற்றிவிடும். கழலை நோயைத் தடுக்கும் ஒரு பொதுநலத் திட்டத்தின் கண்காணிப்பு, பள்ளி மாணவர் கற்கும் அதே பியூரெட் பழக்கத்தை நம்பியிருக்கிறது.