லேப்டாப் சிடியைப் படிக்கவில்லையா? டிரைவை மாற்றும் முன்

அம்மாவுக்கு முதுகுத்தண்டில் எம்ஆர்ஐ எடுத்து இரண்டு வருடம் கழித்து அதே வலி திரும்பி வந்தது. புதிதாகப் பார்த்த டாக்டர், "பழைய படம் இருந்தா கொண்டு வாங்க, பக்கத்துல வெச்சுப் பார்க்கணும்" என்றார். பரணில் கிடந்த ஃபிலிம்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. காகித உறைக்குள் இருந்த சிடி மட்டும் மிச்சம். அதை லேப்டாப்பில் போட்டேன். உள்ளே சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது, நின்றது. கடைசியில் 'டிரைவில் டிஸ்க் போடவும்' என்று திரையில் வந்தது.

அருகிலிருந்த சர்வீஸ் கடையில் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்காமல் "டிரைவ் போயிடுச்சு, மாத்திடலாம்" என்றார்கள். சரி என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. எனக்குத் தேவை டிரைவா, அம்மாவின் படமா?

இந்தக் கேள்வியை முதலிலேயே கேட்காமல் பலர் பணத்தையும், பணத்தைவிடப் பெரியதையும் இழக்கிறார்கள். டிரைவ் கடையில் கிடைக்கும். சிடிக்குள் இருப்பது கிடைக்காது. 2000-களில் நடந்த கல்யாணங்களின் வீடியோ பல வீடுகளில் டிவிடியில் மட்டும்தான் இருக்கிறது. ஸ்கேன் படங்கள், காலமான தாத்தாவின் குரல், கல்லூரி ப்ராஜெக்ட், வழக்குக்காக வாங்கி வைத்த சிசிடிவி பதிவு என்று வேறு பிரதி இல்லாத எத்தனையோ விஷயங்கள் பீரோவுக்குள் மெல்ல மங்கிக்கொண்டிருக்கின்றன. அதனால் முதல் வேலை உள்ளே இருப்பதை வெளியே எடுப்பது. டிரைவைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம், நாலைந்து தகடுகள் போதும். கடையில் வாங்கிய பாட்டு சிடி ஒன்று, சினிமா டிவிடி ஒன்று, வீட்டில் எழுதிய சிடி ஒன்று, எழுதிய டிவிடி ஒன்று என்று அக்கம்பக்கத்தில் கேட்டாவது சேர்த்துக்கொள்ளுங்கள். லேப்டாப் டிரைவில் தகட்டை வைக்கும்போது நடுக்குமிழில் 'டக்' என்று பொருந்தும்வரை விரலால் அழுத்த வேண்டும். பாதி பொருந்திய தகடு தள்ளாடும், அதை எந்த லென்ஸாலும் படிக்க முடியாது. கோளாறு என்று கொண்டுவரப்படும் லேப்டாப்புகளில் சிலவற்றுக்கு இது ஒன்றே மருந்து.

டிவிடி ஓடி, சிடி மட்டும் ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். டிவிடியைப் படிப்பது 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒரே டிரைவுக்குள் இரண்டும் தனித்தனியாக இருப்பதால், ஒன்று செத்தாலும் மற்றது உயிரோடு இருக்கும். கடையில் வாங்கிய தகடுகள் ஓடி, வீட்டில் எழுதியவை மட்டும் திணறினால் கதை வேறு. தொழிற்சாலையில் அச்சடித்த தகட்டில் ஒளி நன்றாகப் பிரதிபலிக்கும். எழுதிய தகட்டில் குறைவு, அழித்து எழுதும் ஆர்டபிள்யூ வகையில் இன்னும் குறைவு. லென்ஸில் தூசி படிந்தாலோ லேசர் தளர்ந்தாலோ முதலில் அடிவாங்குவது இவைதான். எந்தத் தகடும் ஓடவில்லை, ஆனால் கம்ப்யூட்டரில் டிரைவின் படம் தெரிகிறது என்றால் லென்ஸைச் சந்தேகப்படலாம். டிரைவின் படமே காணோம் என்றால் இணைப்பையோ விண்டோஸையோ பார்க்க வேண்டும்.

விண்டோஸ் பக்கம் என்றால் டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பெயர்மேல் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கேயே 'அன்இன்ஸ்டால்' கொடுத்து லேப்டாப்பை அணைத்துப் போடுங்கள். விண்டோஸ் தானே மறுபடி சேர்த்துக்கொள்ளும். அப்படியும் சரியாகாவிட்டால், பழைய சிடி எழுதும் மென்பொருள் ஏதாவது ரெஜிஸ்ட்ரியில் 'அப்பர் ஃபில்டர்ஸ்', 'லோயர் ஃபில்டர்ஸ்' என்ற பதிவுகளை விட்டுப் போயிருக்கலாம். தெரிந்தவர் ஒருவர், முதலில் பேக்கப் எடுத்துவிட்டு, அவற்றை நீக்கலாம். இதற்கென்று டிரைவரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. சிடி டிரைவுக்கு வேண்டியது விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது.

படிக்கிறது, ஆனால் படம் வரவில்லை என்ற நிலையைத்தான் பலர் கோளாறு என்று நினைத்துவிடுகிறார்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் சினிமா டிவிடியை ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை. விஎல்சி என்ற இலவச ப்ளேயரைப் போட்டால் ஓடிவிடும். ஸ்கேன் சிடியில் இன்னொரு குழப்பம். உள்ளே திறந்தால் ஐஎம்0001 மாதிரி வாலில்லாத பெயர்களுடன் நூற்றுக்கணக்கான ஃபைல்கள் இருக்கும். குப்பை என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும். உண்மையான படங்கள் அவைதான், டைகாம் என்ற வடிவத்தில் இருக்கும். சிடியோடு வரும் வியூவர் புதிய விண்டோஸிலோ மேக்கிலோ ஓடாமல் போகலாம். அதற்கு இலவச டைகாம் வியூவர்கள் இருக்கின்றன. ஒரு ஃபைலை மட்டும் எடுக்காமல் சிடி முழுவதையும் அப்படியே நகலெடுங்கள். எந்தப் படம் எந்த வரிசை என்ற அட்டவணை அதில் தனி ஃபைலாக இருக்கிறது.

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ உறவினர் வாங்கி வந்த சினிமா டிவிடி ஓடாவிட்டால் அது மண்டலப் பூட்டாக இருக்கலாம். இந்தியாவும் இலங்கையும் மண்டலம் 5, கனடா 1, பிரிட்டன் 2. மண்டலத்தை மாற்றட்டுமா என்று டிரைவ் கேட்கும்போது யோசிக்காமல் சரி என்று அழுத்தாதீர்கள். ஐந்து முறைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும்.

இனி சுத்தம் செய்வது. லேப்டாப் டிரைவில் ஒரு நல்ல விஷயம், தட்டை இழுத்தால் லென்ஸும் கூடவே வெளியே வரும். தட்டைத் திறந்து வைத்துக்கொண்டு லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். மூடிய டிரைவிலிருந்து லேசர் வெளியே வராது. திறந்த நிலையில் ஓடும் லேசர், அதுவும் எழுதும் டிரைவில் இருப்பது, கண்ணைக் கெடுக்கும் அளவுக்கு வலுவானது. பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு விட்டு லென்ஸை மெதுவாக ஒற்றித் துடைத்து, காயவிட்டு மூடுங்கள். அழுத்தக் கூடாது, அந்த லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வாயால் ஊதினால் எச்சில் துளி ஒட்டும். கிளிசரின் கலந்த சானிடைசர் படலமாகப் படியும்.

தகட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைக்கக் கூடாது. தகவல் சுருள் வட்டப் பாதையில் எழுதப்பட்டிருக்கிறது. பாதையைக் குறுக்கே வெட்டும் கீறலைச் சமாளிக்கும் பிழைதிருத்த ஏற்பாடு சிடிக்குள்ளேயே உண்டு. பாதையோடு சேர்ந்து ஓடும் கீறல் சுமார் இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டினால் அது கைவிட்டுவிடும். அழுக்கு அதிகமென்றால் பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் ஒற்றி எடுக்கலாம். தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீர்கள். பற்பசை தேய்க்கும் வைத்தியம் மேலோட்டமான கீறலுக்குச் சில சமயம் பலிக்கும், ஆனால் ஒரே பிரதியில் அதைச் சோதிக்க வேண்டாம்.

சிடியின் பளபளக்கும் பக்கத்தைப் போற்றிப் பாதுகாத்து, பெயர் எழுதும் பக்கத்தை அலட்சியமாகக் கையாள்வது எல்லோரும் செய்யும் தவறு. சிடியில் தகவல் அடுக்கு பெயர்ப் பக்கத்துக்கு நேர் கீழே, மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினாலோ, ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்தாலோ அந்த அடுக்கும் போய்விடும். அதை எந்தக் கடையாலும் மீட்க முடியாது. விரிசல் விட்ட தகட்டை ஒரு முறைகூடப் போட்டுப் பார்க்காதீர்கள். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றில் அது டிரைவுக்குள்ளேயே சிதறலாம்.

சுத்தம் செய்தும் முழுதாகப் படிக்காத தகட்டை வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒன்று தடுமாறும் தகட்டை இன்னொன்று சாதாரணமாகப் படித்துவிடும். சாதாரண நகலெடுப்பு முதல் பிழையிலேயே நின்றுவிடும். டிடிரெஸ்க்யூ போன்ற இலவச மீட்பு மென்பொருள் நல்ல பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, கெட்ட இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். முதல் டிரைவில் விட்டுப்போனதை இரண்டாவது டிரைவில் தொடர்ந்து நிரப்பவும் அதில் வழி உண்டு. யுஎஸ்பி டிரைவ் வாங்கினால் ஹப் வழியாக இல்லாமல் லேப்டாப்பில் நேரடியாகச் செருகுங்கள். மின்சாரம் போதாமல் தகடு சுழன்று நிற்பதைப் பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

நிஜமாகவே பொருள்தான் பழுது என்றால், உங்கள் பக்கம் சட்டம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடப்பில் உள்ளது. ஆன்லைனில் வாங்கிய டிரைவுக்கு 'ரிட்டர்ன் காலம் முடிந்தது' என்று விற்பவர் சொல்வது அவருடைய விதி. குறையுள்ள பொருளுக்காகப் புகார் செய்யும் உரிமை அதோடு முடிவதில்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசுங்கள், பல விஷயங்கள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட ஆணையத்தில், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே, இணையம் வழியாகவும் மனு கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்பதும் இல்லை. வேண்டியது பில்லும் எழுத்தில் இருக்கும் ஆதாரங்களும்தான்.

அதனால் சர்வீஸுக்குக் கொடுக்கும்போதே ஜாப் ஷீட் கேட்டு வாங்குங்கள். 'டிரைவ் வேலை செய்யவில்லை' என்று பொதுவாக எழுதவிடாமல், 'டிவிடி படிக்கிறது, சிடி படிக்கவில்லை' என்று எழுதச் சொல்லுங்கள். லேப்டாப்பின் சீரியல் எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். மாற்றினால் பழைய டிரைவைத் திருப்பிக் கேளுங்கள். 'டேட்டாவுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்ற வரி அந்தத் தாளில் பெரும்பாலும் இருக்கும். பேக்கப் எடுக்காமல் கொடுக்காதீர்கள், தகட்டை டிரைவுக்குள் விட்டுவிட்டும் கொடுக்காதீர்கள். தட்டு திறக்காவிட்டால் முகப்பில் இருக்கும் குண்டூசித் துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை நேராகச் செருகினால் திறந்துவிடும்.

சட்டத்தால் முடியாததும் உண்டு. பதினைந்து வருடம் முன்பு ஸ்டூடியோ எழுதிக்கொடுத்த கல்யாண டிவிடி இன்று மங்கிப் போனதற்கு யார்மீதும் வழக்குப் போட முடியாது. எழுதும் தகட்டில் இருப்பது சாயம், வெயிலிலும் சூட்டிலும் அது வெளுக்கும். இப்போது வீடியோ எடுப்பவர்களிடம் பென்டிரைவிலும் ஒரு பிரதி கேளுங்கள். டிவிடி தந்தால் அதை 'ஃபைனலைஸ்' செய்தார்களா என்று கேட்டு, வேறொரு கருவியில் ஓட்டிப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

ஸ்கேன் சிடி விஷயத்தில் உங்களுக்கு வலுவான உரிமை இருக்கிறது, கேட்பவர்கள்தான் குறைவு. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளிகளின் பதிவுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் சார்பில் வருபவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். வாயால் கேட்காமல் கடிதமாகக் கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வெளிநோயாளியாக எடுத்த ஸ்கேன் என்றாலும் சென்டரில் போய்க் கேளுங்கள். படங்களைச் சில காலம் தங்கள் சர்வரில் வைத்திருப்பது வழக்கம், தாமதித்தால் அழிந்துவிடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை பாக்கி. கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணைத் தேடல் பக்கத்தில் தேடாதீர்கள். மோசடிக்காரர்கள் தங்கள் எண்ணை அங்கே ஏற்றி வைத்திருக்கிறார்கள். 'லைனிலேயே சரிபண்ணித் தருகிறேன், இந்த ஆப்பைப் போடுங்கள்' என்று சொல்லி, உங்கள் திரையைத் தங்கள் கைக்குக் கொண்டுபோய், வங்கிக் கணக்கு வரை வந்துவிடுவார்கள். தூசி படிந்த லென்ஸைத் தொலைவிலிருந்து யாராலும் துடைக்க முடியாது. எண்ணை வாரண்டி அட்டையிலிருந்து எடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்த வாய்ப்பு.

என் லேப்டாப்பில் சினிமா டிவிடி ஓடியது, எந்த சிடியும் ஓடவில்லை. தாலுகா ஆபீஸ் பக்கத்தில் ஒரு டைப்பிங் சென்டர், அங்கே பழைய டெஸ்க்டாப் ஒன்று. அதில் போட்டதும் அம்மாவின் சிடி திறந்தது. முழுவதையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன். அம்மாவின் பெயரும் வயதும் அந்த ஃபைல்களில் இருந்ததால், டெஸ்க்டாப்பில் விழுந்த நகலை அழித்து ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டு வந்தேன். மறுநாள் டாக்டர் இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கீழே இருந்து நாலாவது எலும்பின் இடைவெளியைப் பேனாவால் காட்டி, "இது மாறவே இல்லை, ஆபரேஷன் இப்ப வேண்டாம்மா" என்றார்.